சனிக்கிழமைப் பக்கங்கள்

பான்,
12 அக்டோபர் 1969

பிரியமுள்ள அக்காவுக்கு,

கண்மணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தான் ஊழியம் செய்யும் சபையின் குருமனையில் நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே எனக்கு இது இரண்டாவது இலையுதிர்காலம். போன வருடம் குளிரைக் கண்டு அழுதவள், இப்போது கையுறை இல்லாமலே கடைக்குப் போய் வருகிறேன். விடுதியில் என் அறைத்தோழி வைதேகி ரசாயன ஆராய்ச்சி செய்கிறாள். ஸ்ரீரங்கத்துப் பெண். நான் வேதம் வாசிக்கும் நேரத்தில் அவளும் தன் சுலோகத்தைச் சொல்லி முடித்துவிடுவாள். பிறகு இருவரும் ஒரே பாத்திரத்தில் காப்பி போடுவோம்.

ஆராய்ச்சி விஷயம் கேட்டிருந்தீர்கள். சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிரசங்கம் செய்த பெண்களைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அவர்களில் மார்த்தா ஹோல்ராய்ட் என்ற ஒருத்திதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டாள். யார்க்‌ஷயரில் ஒரு நெசவாலை ஊர். பெரிய குடும்பங்களுக்கு ஆலயத்தில் கதவு வைத்த இருக்கைகள் உண்டு. ஆலைத் தொழிலாளிகள் பின்னால் நிற்க வேண்டும். மார்த்தா தறி ஓட்டியவள். பத்தொன்பது வயதில் தெருமுனையில் நின்று பேசத் தொடங்கினாள். சில வருடங்களில் அவளைக் கேட்க ஆயிரம் பேர் கூடினார்கள். ஆலையில் பிள்ளைகள் வேலை செய்யும் நேரத்தைப் பற்றி அவள் ஒருநாள் பேசினாள். ஆலய நிர்வாகிகளில் இருவர் ஆலை முதலாளிகள். பெண் பேசக் கூடாது என்று சொல்லி 1842இல் கதவைப் பூட்டிவிட்டார்கள். மறுவருடம் அவள் கணவருக்கு இங்கே ஜெர்மனியில், பார்மன் என்ற ஊரில், சாயப்பட்டறையில் வேலை கிடைத்தது. கூடவே வந்துவிட்டாள். அதற்குப் பின் முப்பத்தாறு வருடம் உயிரோடிருந்தாள். அந்த முப்பத்தாறு வருடத்தைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை.

போன வாரம் ஒரு நல்ல செய்தி. பார்மன் சபைப் பத்திரிகையில் நான் கொடுத்த விளம்பரத்துக்கு மார்த்தாவின் கொள்ளுப்பேத்தி பதில் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் போகிறேன்.

அத்தான் உங்கள் கடிதத்தின் அடியில் எப்போதும் நாலு வரி கேலியாக எழுதுவார். போன கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. என்மேல் கோபமா என்று கேளுங்கள்.

உங்கள் ஜெபத்தில் நினைக்கும்,
கண்மணி


சமாதானநல்லூர்,
2 நவம்பர் 1969

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

சமாதானம் உண்டாவதாக. உன் கடிதம் வியாழனன்று வந்தது. இங்கே அவர் கிருபையால் நாட்கள் நன்றாகப் போகின்றன. நீ குளிரில் கையுறை இல்லாமல் திரிவது எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தானுக்கு உன்மேல் ஏன் கோபம்? அறுப்பின் பண்டிகை வேலை. அதோடு தொண்டையில் கொஞ்சம் சளி. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன்.

பண்டிகை நன்றாக நடந்தது. காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை மூன்று பேர் ஏலத்தில் மாறி மாறி எடுத்து, கடைசியில் அது குருமனைக்கே திரும்பி வந்தது. இரண்டு நாளாக அதே குழம்பு.

அந்த மார்த்தா அம்மாளைப் பற்றி நீ எழுதியதை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குச் சில சந்தேகங்கள். அவர்கள் காகிதம் பார்த்துப் பேசுவார்களா, மனப்பாடமா? எப்படித் தொடங்குவார்கள்? முதல் வார்த்தை சொல்லும்போது எங்கே பார்ப்பார்கள்? கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? உன் புத்தகங்களில் அதெல்லாம் எழுதியிருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பக்கத்தில் கர்த்தர் இருக்கிறார். பயப்படாமல் படி.

உன் அக்கா,
சாந்தா


பான்,
23 நவம்பர் 1969

பிரியமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். நான் சுகம். அத்தானின் தொண்டை எப்படி இருக்கிறது?

உங்கள் கேள்விகளை என் பேராசிரியர்கூட இதுவரை கேட்டதில்லை. தேடிப் பார்த்தேன். 1838இல் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை அவளைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறது. அந்தக் கிண்டலில்தான் உங்களுக்குப் பதில் கிடைத்தது. கையில் காகிதம் இல்லை. இரண்டு கைகளையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நின்றாளாம். “அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேச வந்தவளைப் போல” பேசினாளாம். யாரோ ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, அவளிடம் மட்டும் ஏதோ கேட்பதுபோல் தொடங்குவாளாம். கேலி செய்தவன் கடைசியில், “இருந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை” என்று முடித்திருக்கிறான்.

பார்மன் போய் வந்தேன். அங்கே நெசவுத் தொழில்நுட்பம் படிக்கும் நடேசன் அண்ணை துணைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பேராசிரியர் வீட்டு விருந்தொன்றில் பழக்கம். “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ தங்கச்சி, நான் ஸ்டேஷனுக்கு வாறன்” என்று எழுதியவர், சொன்னபடியே நின்றார். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயிலில் அழைத்துப் போனார். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

கொள்ளுப்பேத்தியின் பெயர் ஹெட்விக் கோஸ்டர். எழுபது வயது. நேராகப் பேசுகிறவர். ஆங்கிலம் தெரியாது. பிளம் கேக் வெட்டி வைத்துவிட்டு, “நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. கொள்ளுப்பாட்டியின் சமையல் நோட்டுகள் மட்டும் இருக்கின்றன” என்றார். தோல் அட்டை போட்ட பதினோரு நோட்டுகள். புரட்டிப் பார்த்தேன். ரொட்டி மாவு, ஊறுகாய், துவைக்கப் போட்ட துணிகளின் பட்டியல், பிள்ளைகளின் இருமலுக்கு மருந்து. கண்ணில் நீர் வந்துவிட்டது அக்கா. ஆயிரம் பேர் கேட்ட வாய், முப்பத்தாறு வருடம் முட்டைக்கோசு ஊறப்போட்டிருக்கிறது.

நடேசன் அண்ணை திரும்பும்போது, “இல்லாததை எழுத ஏலாது தானே, தங்கச்சி. இருக்கிறதை எழுதுங்கோ” என்றார். பேராசிரியரும் அதையேதான் சொல்கிறார். “1842இல் மௌனமானாள்” என்று கடைசி அத்தியாயத்தை முடித்துவிடச் சொல்கிறார். அப்படியே செய்யப்போகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அத்தான் நாலு வரி எழுதாவிட்டால் நானும் எழுதமாட்டேன் என்று சொல்லுங்கள்.

கண்மணி


சமாதானநல்லூர்,
18 ஜனவரி 1970

கண்மணிக்கு,

புது வருடத்தில் உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

பதில் தாமதமாகிவிட்டது. வேலூர் வரை போக வேண்டியிருந்தது. அத்தானுக்கு ஒரு பரிசோதனை. நல்ல டாக்டர்கள், அன்பாகப் பார்த்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தான் ஓய்வாக இருக்கிறார், அதனால் இந்தத் தடவையும் நாலு வரி இல்லை.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மூன்று தரம் வாசித்தேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த அம்மாள் பேசாமல் போனார்கள் என்று எழுதிவிடாதே. குடும்பத்தோடு இருக்கிற பெண் ஒன்று எழுதி வைக்க வேண்டுமானால் எங்கே எழுதுவாள்? அவளுக்கு மேஜை உண்டா? அடுக்களையில் கைக்கு எட்டுகிற நோட்டில்தான் எழுதுவாள். நீ ரொட்டி மாவைப் பார்த்ததும் மூடி வைத்திருப்பாய். ஞாயிறு பேசுகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் கனமான நாள். சனிக்கிழமைப் பக்கங்களை மட்டும் எடுத்து, மூலை முடுக்கெல்லாம் பார்.

வேறு விசேஷமில்லை.

அக்கா


பான்,
8 பிப்ரவரி 1970

என் அருமை அக்காவுக்கு,

எப்படித் தெரிந்தது உங்களுக்கு?

நலம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன், மன்னியுங்கள். நீங்கள் சுகமா? அத்தான் சுகமா? வேலூரில் என்ன பரிசோதனை, முடிவு என்ன என்று ஒன்றும் எழுதவில்லையே. மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அடுத்த நாளே பார்மன் ஓடினேன். ஹெட்விக் அம்மையார் கதவைத் திறந்து, “சமையல் குறிப்பு ஏதாவது விட்டுப்போயிற்றா?” என்று கேட்டார். மேஜையில் நோட்டுகளைப் பரப்பினேன். மார்த்தா தேதி போட்டே எழுதியிருக்கிறாள். 1844ஆம் வருடத்துச் சனிக்கிழமைகளை எடுத்தேன். முதல் பக்கத்தில் வெண்ணெய், வெங்காயம், பெரியவனின் காலுறை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வசன எண். அதற்குக் கீழே மூன்று வரி. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒரு வசனம், மூன்று தலைப்பு, சில இடங்களில் முடிவாக ஒரு கேள்வி. அக்கா, எல்லாம் பிரசங்கக் குறிப்புகள்! 1844 முதல் 1878 வரை. பிள்ளைப்பேறு வந்த வாரங்களில்கூட ஒரு வரி உண்டு. இரண்டு நாள் அங்கேயே தங்கி எண்ணினேன். ஆயிரத்து அறுநூற்றுக்கு மேல் வருகிறது. ஒன்றையும் யாரும் கேட்டதில்லை. அந்த ஊரில் அவள் பாஷை யாருக்கும் புரியாது, பேச இடமும் இல்லை.

அம்மையாருக்கு ஜெர்மனில் சொல்லிப் புரியவைத்தேன். நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, “இதில் பார்த்துத்தான் நாங்கள் பிளம் கேக் செய்கிறோம்” என்றார். அப்புறம் அழுதார்.

உங்களுக்காக ஒன்றை மட்டும் எழுதி அனுப்புகிறேன். 1851, மார்ச்:

“சாயத்தொட்டியில் வேலை செய்கிறவரின் கை சிவந்திருக்கும். ஞாயிறன்று எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மிஞ்சும். கனவான்கள் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கக் கூசுகிறார்கள். தேவன் மனுஷருக்கு வேலை செய்கிறவர். அவர் கை மட்டும் சுத்தமாயிருக்குமா? அந்தக் கையைப் பிடிக்க நீ கூசுவாயா?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தைப் புதிதாக எழுதச் சொல்லிவிட்டார். அதை நான் உங்களால்தான் எழுதப்போகிறேன். நன்றி என்று எழுதினால் போதவில்லை. நேரில் வந்து சொல்கிறேன்.

உங்கள்
கண்மணி


பான்,
5 ஏப்ரல் 1970

பிரியமுள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. மார்ச்சில் எழுதியதும் கிடைக்கவில்லையா? இங்கே நான் சுகம். அங்கே யார் சுகமில்லை என்று தெரியாமல் தவிக்கிறேன். தபால்காரரைக் கண்டால் வைதேகி எனக்கு முன்னால் ஓடுகிறாள். “ஏதோ மறைக்கிறாடி உங்க அக்கா. ஃப்ளைட் டிக்கெட் போட்டுட்டுப் போய்ப் பாரு, தீசிஸ் எங்கேயும் ஓடிடாது” என்கிறாள். மே மாதம் இருபதாம் தேதி புறப்பட நினைத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

கண்மணி


சமாதானநல்லூர்,
16 ஏப்ரல் 1970

அன்பு மைத்துனி கண்மணிக்கு, அத்தான் ஞானாபரணம் எழுதுவது. கிருபையும் சமாதானமும்.

நாலு வரி கேட்டாய். நாலு பக்கமாகவே எழுதுகிறேன், உட்கார்ந்து வாசி.

என் குரல் போய்விட்டது. ஆகஸ்டில் கரகரப்பாகத் தொடங்கியது. ஜனவரியில் வேலூரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நோய் பரவவில்லை, முழுவதும் எடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்னார்; பிழைத்தேன். கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாக மூச்சு. பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்களா என்று உன் அக்கா கேட்கிறாள். உயிரோடு இருந்து அவள் கேலியைக் கேட்கிறேன். அதற்கே தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

செப்டம்பரிலிருந்தே பிரசங்கத்தை நான் எழுதித் தருவேன், சாந்தா பிரசங்க பீடத்துக்குக் கீழே நின்று வாசிப்பாள். குருவின் மனைவிதானே, ஐயரம்மா வாசிக்கிறார்கள் என்று சபையாரும் பொறுத்துக்கொண்டார்கள். உன்னிடம் கை எங்கே வைப்பது, கண் எங்கே பார்ப்பது என்று கேட்டாளே, அது அப்போதுதான்.

பிப்ரவரி 22 நடந்ததைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு என்னால் எழுதவும் முடியவில்லை. அன்றைக்கு எனக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியார் பேச வேண்டியது, காய்ச்சலில் படுத்துவிட்டார். பாட்டும் ஜெபமும் மட்டும் நடக்கும் என்று அறிவிக்கத்தான் சாந்தா முன்னே போனாள். போனவள் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்து, இரண்டு கையையும் அதற்குள் வைத்துக்கொண்டாள். பெண்கள் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் ஓர் அம்மாளைப் பார்த்து, “உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள். அந்த அம்மாள் வெட்கப்பட்டு மூடிக்கொண்டாள். பாகு தெறித்த தழும்பு, விரல் முழுவதும்.

அதற்கு மேல் உன் மார்த்தாவின் பிரசங்கம்தான். சாயத்தொட்டி இருந்த இடத்தில் கருப்பட்டிப் பானை வந்தது. இருபது நிமிஷம் பேசினாள். முடிவில், “இது என் வார்த்தை இல்ல. நூத்தி இருவது வருஷத்துக்கு முன்னால சீமையில ஒரு அம்மா அடுக்களையில எழுதி வச்சாக. கேக்க ஆளில்லாமப் போச்சு. இன்னைக்கு நீங்க கேட்டுட்டீக” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

கண்மணி, நான் பதினாலு வருடம் பிரசங்கம் செய்தவன். கோயிலில் அப்படியொரு அமைதியை நான் உண்டாக்கியதில்லை. அன்று எனக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழ எனக்கு இப்போது வசதி.

அதற்கடுத்த வாரமும் அவள் பேசினாள். இந்தத் தடவை சொந்தமாக. மூன்றாம் வாரம் புகார் கிளம்பியது. ஆராதனையில் பெண் பேசுவது ஒழுங்கல்ல என்று எழுதி முப்பத்தோரு பேர் கையெழுத்திட்டுப் பேராயருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதல் கையெழுத்து கமிட்டிச் செயலாளருடையது. அவர் மனைவியோ முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார். பேராயர் வந்து விசாரிப்பார். குரலில்லாத குருவுக்குக் குருமனை எத்தனை நாள் என்றும் தெரியவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதினால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்பதுதான் அவள் பயம். பொய் எழுதவும் மனம் வரவில்லை, அதனால் எழுதாமலே இருக்கிறாள். நீ வராதே. முடித்துவிட்டு வா. அதுதான் அவளுக்கு நீ செய்யக்கூடியது. நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். தங்கையின் படிப்பு தன்னால் கெட்டது என்ற பாரம் அவளுக்கு வேண்டாம்.

இன்னொன்று. ஊரார் மெச்சிய என் பிரசங்கங்களில் பாதிக்கு மேல் அவள் கை உண்டு. இத்தனை வருடம் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. குரல் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

உன் அத்தான்,
ஞானாபரணம்


பான்,
3 மே 1970

என் அருமை அக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் நம் வீட்டில் தங்குவதாக. நான் நலமாக இருக்கிறேன்.

மே மாதம் வருவதாக எழுதியிருந்தேன். வரவில்லை. ஆராய்ச்சியை இந்த மாதக் கடைசியில் ஒப்படைத்துவிட்டு, ஜூலையில் வாய்மொழித் தேர்வு முடித்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் பதில் எழுதாததற்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலை இருந்திருக்கும்.

மார்த்தாவைப் பற்றிப் புதிதாக ஒன்று கிடைத்தது. ஆலயக் கதவைப் பூட்டிய ஞாயிறன்று வெளியே எழுநூறு பேர் நின்றிருக்கிறார்கள். இளைஞர்கள் சிலர் கதவை உடைக்கக் கடப்பாரை கொண்டுவந்தார்களாம். அன்று சிறுமியாக அங்கே நின்ற ஒருத்தி முதுமையில் எழுதி வைத்திருக்கிறாள். மார்த்தா படியில் ஏறி, “கதவை உடைக்காதீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் உள்ளே போக வேண்டியிருக்கும்” என்றாளாம். பிறகு துணி உலர்த்தும் புல்வெளிக்கு எல்லாரையும் கூட்டிப் போய், கொடியில் தொங்கும் ஈரத்துணிகளுக்கு நடுவே நின்று பேசினாளாம். யாரையும் திட்டவில்லை. இது உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது.

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். அம்மா இறந்த வருடம் உங்களுக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து உங்களுக்கு இடம் கொடுத்து வந்த கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்ததையும் பார்த்தேன். மறுநாள் எனக்குத் தலை பின்னி, வாய்ப்பாடு கேட்டீர்கள். இத்தனை வருடமாக அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே ஒவ்வொரு நாளும் நூலகத்தில் உட்காரும்போது அந்த நாற்காலி உங்களுடையது என்று எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சியின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். பேராசிரியர், “இவர் எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்டார். சனிக்கிழமைப் பக்கங்களைக் கண்டுபிடித்தவர் என்று சொன்னேன்.

தைரியமாயிருங்கள்.

உங்கள் கண்மணி


சமாதானநல்லூர்,
14 ஜூன் 1970

என் கண்மணிக்கு,

உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறவருக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம்.

அத்தான் உனக்கு எழுதிவிட்டார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் அவரைப் பற்றிக் கேட்டவள், மே மாதக் கடிதத்தில் கேட்கவில்லை. அப்போதே பிடித்துவிட்டேன். சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு கேட்டதில் ஒப்புக்கொண்டார். உன்னிடம் மறைத்ததற்கு மன்னித்துக்கொள்.

போன ஞாயிறு பேராயர் வந்தார். பீடத்தில் ஏறவில்லை. “நீங்க வழக்கம்போல நடத்துங்க” என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எனக்குப் பயம்தான். நீ எழுதிய அந்தப் புல்வெளியை நினைத்துக்கொண்டேன். பேச ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. பேராயர் என்னைப் பார்த்து, “இது யார் எழுதுன பிரசங்கம்?” என்று கேட்டார்.

“நான்தான் எழுதினேன்யா.”

“ஐயர் திருத்தினாரா?”

நான் வாயைத் திறக்குமுன் அத்தான் சிலேட்டை நீட்டினார். “பத்து வருஷமாக என் பிரசங்கத்தை அவள்தான் திருத்தினாள்” என்று எழுதியிருந்தார். கமிட்டி முழுவதும் அதை வாசித்தது. பேராயர் சிரித்துவிட்டார். எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

செயலாளர் எழுந்தார். கெட்ட மனுஷர் அல்ல, ஒழுங்கு பார்க்கிறவர். “ஐயா, ஐயரம்மா மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா நம்ம சபையில இப்படி நடந்ததில்லையே” என்றார். அப்போது வாசலில் நின்ற கருப்பட்டிக்கார அம்மாள் உள்ளே வந்துவிட்டாள். “ஐயா, நாப்பது வருஷமா கோயிலுக்கு வாறேன். ஐயமாரு பேசுனதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குன்னு பேசுனது இவுக மட்டுந்தான்.” செயலாளர் உட்கார்ந்துவிட்டார்.

பேராயர் தீர்ப்பு இது: அக்டோபரில் புதுக் குருவானவர் வருவார். அதுவரை ஞாயிறு பிரசங்கம் நான் செய்யலாம், பீடத்தில் ஏறாமல் கீழே நின்று. அதற்குப் பிறகு மறைமாவட்டத்துப் பெண்கள் சங்கங்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் பேச என்னைக் கேட்கிறார். அத்தானுக்குப் பாளையங்கோட்டையில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. அங்கே பேச வேண்டியதில்லை, பிழை பிடித்தால் போதும், எனக்கென்றே படைத்த வேலை என்று சிலேட்டில் எழுதுகிறார். குருமனையை விடுகிறோம். பீடம் கிடைக்கவில்லையே என்று உபதேசியார் மனைவி வருத்தப்பட்டாள். கீழே நின்றால் ஜனங்களின் முகம் கிட்டத்தில் தெரிகிறது என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

கல்லூரிக் கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தாய். வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். பல வருடம் இருந்தது. நீ முதல் வகுப்பில் தேறின செய்தி வந்த நாளில்கூட, சந்தோஷத்தோடு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பிறகு நீ தூரதேசத்தில் தேடிக் கண்டதை எனக்கு எழுதினாய். அதை எடுத்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். இப்போது எனக்கு உன்மேல் நன்றி மட்டும்தான் இருக்கிறது, கண்மணி. நான் தந்ததை நீயும் நீ தந்ததை நானும் வாங்கிக்கொண்டோம். இனி அழாதே.

உன் அக்கா,
சாந்தா

அடியில்: நாலு வரி கேட்டாய். 1. நான் சுகம். 2. உன் அக்கா நான் சொல்வதைக் கேட்பதில்லை. 3. முன்பும் கேட்டதில்லை. 4. சீக்கிரம் வா. — அத்தான்


பான்,
9 ஆகஸ்ட் 1970

என் அருமை அக்காவுக்கும் அத்தானுக்கும்,

எல்லா நன்மைக்கும் காரணரான அவருக்குத் துதி. நான் பாஸ்!

ஜூலை 24ஆம் தேதி வாய்மொழித் தேர்வு. ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஹெட்விக் அம்மையார் பார்மனிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, கறுப்புத் தொப்பியோடு வெளியே காத்திருந்தார். நடேசன் அண்ணையும் அவரோடு வந்திருந்தார். “தங்கச்சி, எங்கட ஆக்களில டாக்டர் பட்டம் வாங்கின பொம்பிளையை நான் இண்டைக்குத்தான் காணுறன்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். வைதேகி விடுதி முழுவதும் கேசரி கொடுத்தாள். பதினோரு நோட்டுகளையும் அம்மையார் பல்கலைக்கழக நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். மார்த்தாவின் பெயரிலேயே ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சமாதானநல்லூரில் உங்கள் பிரசங்கம் நடந்த தேதியையும் என் கடைசி அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அவளுடைய குறிப்பு முதன்முதலாகச் சபையில் கேட்கப்பட்ட நாள் அது.

செப்டம்பர் 10 ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் ஏறுகிறேன். பம்பாய், மெட்ராஸ் வழியாக 13ஆம் தேதி காலை ஆறரைக்கு ரயில் திருநெல்வேலி வந்து சேரும். அன்று ஞாயிறு. ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம், யாரையும் அனுப்பவும் வேண்டாம். பெட்டியோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். பஸ் தாமதமானாலும் எனக்காகக் காத்திருக்காமல் சரியாக ஒன்பது மணிக்கு ஆராதனையைத் தொடங்கிவிடுங்கள்.

நீங்கள் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை, அக்கா. பெண்கள் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் மட்டும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கண்மணி